வயர்லெஸ் கொடுத்தார்கள், ஆண்டெனா எங்கே?

செட்டிகுளத்தில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுகிறானே என்று சிலர் சிரிக்கலாம். இங்கிருந்து கடற்கரைக்குப் போக மூன்று பஸ் மாற வேண்டும். நம் ஊர்ப் பேச்செல்லாம் சின்ன வெங்காய விலையும் மழையும்தான். ஆனால் நான் பிறந்து வளர்ந்தது காரைக்கால். மனைவியின் ஊர் என்பதால் ஓய்வுக்குப் பிறகு இங்கே வந்தவன். உத்தியோகத்தில் பாதிக்கு மேல் கடற்கரை ஊர்களில் கோப்பு தூக்கியே கழிந்தது. அந்தக் கணக்கில் எனக்கு ஒரு பாக்கி இருக்கிறது.

போன வாரம் பள்ளித் தோழன் ஒருவனின் மகன் போன் செய்தான். மீன்பிடிதான் தொழில். புதிதாக ஃபைபர் படகு வாங்கியிருக்கிறான். "மாமா, வயர்லெஸ் செட்டும் வாங்கியாச்சு. ஆண்டெனா தனியா வைக்கணுமா, இல்ல கையில வெச்சே பேசிக்கலாமா?" என்று கேட்டான். கடையில் பொருத்திக் கொடுக்கவில்லையா என்றேன். "அவங்க பில்லு குடுத்தாங்க, பெட்டி குடுத்தாங்க, அவ்வளவுதான்" என்றான்.

அந்தப் பெட்டி எனக்குப் பழக்கமானது. சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகம் வழியாக மீனவர்களுக்கு வயர்லெஸ் செட்டுகள் வழங்கினார்கள். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பந்தல் போட்டார்கள், மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். படிவத்தை நிரப்பியவன் நான். பெயர், தகப்பனார் பெயர், படகு எண், செட்டின் வரிசை எண், கையொப்பம் அல்லது கைநாட்டு என்று எட்டுக் கட்டங்கள். எட்டும் நிரம்பினால் "வழங்கப்பட்டது" என்று முத்திரை குத்தி மேலே அனுப்ப வேண்டும்.

ஆறு மாதம் கழித்து வேறு வேலையாக அதே குப்பத்துக்குப் போனேன். ஒரு வீட்டில் செட் பிளாஸ்டிக் உறை பிரியாமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. இன்னொரு வீட்டில் ஆண்டெனாக் கம்பி துணி காயப்போடும் கயிற்றுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. கேபிள் சுருள் சுருளாகவே பரணில் கிடந்தது. திரும்பி வந்து என் மேலதிகாரியிடம், படகில் பொருத்தியாயிற்றா என்று ஒரு கட்டம் சேர்க்கலாமே என்றேன். "படிவத்தில் இல்லாததை எல்லாம் நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?" என்றார். நானும் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். அதுதான் அந்தப் பாக்கி.

போர் போட்டு, மோட்டார் வாங்கி இறக்கி, கரண்ட் கனெக்‌ஷன் இல்லாமல் வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் நம் ஊரிலும் உண்டு. அந்த மோட்டாரைப் பாசனம் என்று கணக்கெழுதினால் நாம் ஒத்துக்கொள்வோமா? கடலோரத்தில் செட்டை எண்ணிவிட்டு அதைப் பாதுகாப்பு என்று எழுதுகிறார்கள். பாசனம் இல்லாவிட்டால் பயிர் காயும். அங்கே போவது ஆள்.

விஷயத்துக்கு வருகிறேன். படகுகளில் பேசும் வி.எச்.எஃப் அலை நேர்கோட்டில் போவது. பூமி உருண்டை; குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் கடலின் வளைவே அதை மறைத்துவிடும். ஆகவே எத்தனை வாட் என்பதைவிட ஆண்டெனா எத்தனை உயரம் என்பதுதான் பெரிய கேள்வி. மனக்கணக்காகவே போடலாம். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கினால், ஏறக்குறைய எத்தனை கிலோமீட்டர் என்று வரும். இரண்டு பக்கமும் இப்படிப் பார்த்துக் கூட்ட வேண்டும். படகில் உட்கார்ந்து கையில் செட்டைப் பிடித்துப் பேசுபவருக்குத் தண்ணீரிலிருந்து ஒரு மீட்டர் உயரம் என்று வையுங்கள்: 4 கிலோமீட்டர். எதிர்ப் படகுக்காரரும் அப்படியே பேசினால் இருவருக்கும் இடையே 8. அதே படகில் ஆண்டெனா 4 மீட்டர் உயரத்திலும், கரையில் 25 மீட்டர் கம்பத்தில் இன்னொன்றும் இருந்தால் 8-ம் 20-ம் சேர்ந்து 28 கிலோமீட்டர், அதாவது 15 கடல் மைல். டெண்டர் காகிதத்தில் வாட் இருக்கும், வாரண்டி இருக்கும். இந்த உயரக் கணக்கை நான் பார்த்த எந்தக் கோப்பிலும் யாரும் எழுதவில்லை.

அடுத்தது கேபிள். விலை குறைவு என்று மெல்லிய கேபிளைக் கொடுத்தால், பத்து மீட்டர் ஓடுவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சக்தி அதிலேயே போய்விடும். ஆண்டெனாவும் கேபிளும் சேரும் முனையை நீர் புகாத டேப்பால் இறுகச் சுற்றாவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கும். சீக்கிரமே செம்பு பச்சைக் களிம்பு பிடித்துவிடும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருக்கும், குரல் மட்டும் போகாது. ஆண்டெனாவே மாட்டாமல் பேசும் பட்டனை அமுக்கினால் செட் பழுதாகவும் கூடும். இதை யார் போய்ச் சொன்னார்கள்? கொடுத்த விளக்கப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது.

பேட்டரி இன்னொரு தொல்லை. 25 வாட் செட் பேசும்போது 12 வோல்ட்டில் ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். நம் கடற்கரையில் எத்தனையோ ஃபைபர் படகுகளில் கையால் சுற்றிக் கிளப்பும் டீசல் இன்ஜின்தான். அதில் பேட்டரி சார்ஜ் ஆக வழியில்லை. வீட்டிலிருந்து சார்ஜ் செய்து தூக்கிக்கொண்டு போக வேண்டும். போதாததற்கு, அலை அடிக்கும் மணலில் படகைத் தள்ளி இறக்கி, இழுத்து ஏற்றும் தொழில் இது. நட்டுவைத்த கம்பம் பத்து நாளில் ஒடியும். மடக்கிச் சாய்க்கும்படி கீலும், அதைத் தாங்க ஒரு பிடிமானமும் வேண்டும். ஓர் ஊருக்கு ஒரு வெல்டரும் ஒரு எலெக்ட்ரீஷியனும் நாலு நாள் வேலை செய்தால் முடிந்துவிடும். அந்த நாலு நாள் கூலிக்குத்தான் எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை!

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை கரையில். படகிலிருந்து கூப்பிட்டால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இதன் சூட்சுமம் தெரியும். செட் வாங்குவது மூலதனச் செலவு, ஒரு முறை கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. இரவு பகலாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆளுக்குச் சம்பளம் என்பது தொடர் செலவு. புதுப் பதவி, புது ஒப்புதல், வருஷா வருஷம் நிதித்துறைக் கேள்வி. அதனால் வாய் ஆயிரம் வாங்குவோம், காது ஒன்று வாங்க மாட்டோம்.

1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது அருகில் கலிஃபோர்னியன் என்ற கப்பல் நின்றிருந்தது. அதிலும் வயர்லெஸ் இருந்தது. ஆனால் இருந்த ஒரே ஆபரேட்டர் செட்டை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அதன் பிறகுதான் 1914-இல் லண்டனில் நாடுகள் கூடி, கப்பலில் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்க ஆள் வேண்டும் என்று விதி செய்தன. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் குப்பங்களுக்கு அந்த விதி இன்னும் வந்து சேரவில்லை.

காது இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் பக்கத்திலேயே சாட்சி உண்டு. புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையமும் ஒலிபெருக்கியும் அந்த ஊரில் இருந்தன. 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் டி.வி. பார்த்துவிட்டுப் போன் செய்தார். உடனே ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். ஜனங்கள் தப்பினார்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. கேட்க ஆள் இருந்தது, ஊருக்கே கேட்கும்படி சொல்ல வழி இருந்தது.

இந்த இடத்தில் என் பள்ளிப்படிப்பைக் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆபத்தில் சொல்ல வேண்டிய வார்த்தை "மேடே", மூன்று முறை. ஏதோ ஆங்கிலம் என்று நினைத்து நம் ஆட்கள் நெட்டுருப் போடுகிறார்கள். அது நாங்கள் காரைக்கால் பெஞ்சில் படித்த பிரெஞ்சு, "மெதே". எனக்கு உதவுங்கள் என்று அர்த்தம். 1920-களில் லண்டன் க்ராய்டன் விமான நிலையத்தில் இருந்த வயர்லெஸ் அதிகாரி ஒருவர் தேர்ந்தெடுத்தது. பாரிஸ் விமானங்களோடுதான் அவர்களுக்கு அதிகப் பேச்சு என்பதால் இரு தேசத்தாருக்கும் புரியட்டும் என்று எண்ணினார். 1927 வாஷிங்டன் மாநாட்டில் அதை உலகம் ஏற்றுக்கொண்டது. (எங்கள் பிரெஞ்சு வாத்தியார் இதற்கு மதிப்பெண் போட்டிருக்க மாட்டார். "எதே முவா" என்பதுதான் இலக்கணம்.) இன்ஜின் நின்றுபோனால் சொல்லும் "பான் பான்" கூட எங்கள் "பான்" தான், பழுது என்று பொருள். காரைக்காலில் சொல்தா பென்ஷன் வாங்கிய கிழவர்களுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அர்த்தம் தெரிந்த வார்த்தை பயத்திலும் வாயில் வரும். நம்மவர்களுக்கு அர்த்தத்தை யாராவது சொன்னார்களா?

இப்போது செல்போன் இருக்கிறதே என்பார்கள். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால் டவர் இல்லை. இருந்தாலும் போன் ஒருவர் காதில்தான் விழும். பதினாறாம் சேனலில் கத்தினால் சுற்றியுள்ள எல்லாப் படகுக்கும் கேட்கும். சாட்டிலைட் வந்துவிட்டதே என்பார்கள். வரவேற்கிறேன். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி அடித்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் இருந்த ஆழ்கடலுக்கு எந்த வி.எச்.எஃப் ஆண்டெனாவும் எட்டியிருக்காது; எட்டும் என்று சொன்னால் அது பொய். கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. இஸ்ரோவின் புதிய அபாயக் கருவி 2024-இல் வந்தது. செய்தி கிடைத்தது என்று படகுக்கே பதில் சொல்கிறது. அதே ஆண்டு ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் என்று அறிவித்தார்கள். நல்லது. ஆனால் கவிழ்ந்த படகுக்கு முதலில் வந்து கைகொடுப்பவர் இரண்டு மைல் தள்ளி வலை போட்டிருப்பவர். அவருக்குக் கேட்பது வயர்லெஸ்தான். அந்த ஒரு லட்சத்தையும் யார் எங்கே பொருத்தினார்கள், எத்தனை இன்று வேலை செய்கின்றன என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இருக்கிறதா என்பதே என் பயம்.

தோழன் மகனுக்கு எனக்குத் தெரிந்ததைப் போனிலேயே சொன்னேன். கம்பத்துக்குக் கீல், தடித்த கேபிள், முனைக்கு டேப், தனி பேட்டரி. கூடவே பழைய படிவத்தை ஞாபகத்திலிருந்து எழுதி, ஒன்பதாவதாக "ஆண்டெனா பொருத்திச் சோதித்துப் பார்க்கப்பட்டதா" என்றும் பத்தாவதாக "கரையில் கேட்பவர் பெயர்" என்றும் இரண்டு கட்டம் போட்டு, ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் காட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது.

"ஒம்பதுல நானே கையெழுத்து போட்டுடுறேன் மாமா. பத்துல யாரு பேர எழுதறது?"