லீவு எடுப்பது தப்பா?



ரிடையர் ஆனபின் நங்கநல்லூரில் நானும் சாரும் (என் வீட்டுக்காரர்தான்!) சும்மா உட்காரவில்லை. வீட்டு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு நான் மாலையில் இலவசமாகப் பாடம் சொல்லித் தருகிறேன். அவர் வயதானவர்களுக்காக பேங்க், பென்ஷன் என்று அலைகிறார். போன மாதம் தலைசுற்றி விழுந்துவிட்டார். டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். சனி, ஞாயிறு இரண்டே நாள் கொடைக்கானல் போய் வந்தோம். அதற்கே ஓர் உறவினர், "சேவைக்கு ஏது லீவு?" என்று கேட்டுவிட்டார். மனசு சுருக்கென்றது.

கொடைக்கானலே ஓய்வுக்காக உருவான ஊர்தானே! மதுரைப் பக்கம் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் குடும்பத்தாரைப் பறிகொடுத்தார்கள். அதனால்தான் 1845-இல் அங்கே வீடு கட்டினார்கள். கோடை முடிந்ததும் கீழே வந்து பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வேலையைத் தொடர்ந்தார்கள். ஓய்வெடுத்ததால் அவர்கள் ஊழியம் குறைந்துவிடவில்லை.

ஆனால் ஒன்று உறுத்தியது. மலைக்கு ரோடு வராத காலத்தில் அவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் சென்றவர்கள் நம் ஊர்க் கூலியாட்கள். அவர்களுக்கு யார் லீவு கொடுத்தார்கள்? என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் பலருக்கு இன்றும் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு நானும் இத்தனை வருஷம் கொடுக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வாரம் முதல் அவளுக்கு ஞாயிறு லீவு. சம்பளம் பிடிக்க மாட்டேன். நீங்களும் உங்கள் வீட்டில் இதைச் செய்யுங்கள். ரொம்ப நாள் கழித்து டீச்சர் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது!

அன்புடன்,
உங்கள் டீச்சர்