நோயாளி ஒருவர்; வைத்தியசாலையோ பல துண்டு!

2008ஆம் ஆண்டில் எலிக்காய்ச்சல் இலங்கையை உலுக்கியது. 7,000க்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர் எனக் கணக்கிடப்பட்டது. கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. வயற்சேற்றில் இறங்கிய உழவனைத் தேடிப் பற்றிய நோய் அது.

அந்நோயை வெல்பவர் யார்? வைத்தியர் மாத்திரமா? அல்லர். தடுப்புக் குளிகையான டொக்சிசைக்கிளினை உழவு தொடங்குமுன்பே கிராமத்துக்குக் கொண்டுசெல்பவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். நோயாளர் விடுதியிலே சிறுநீர் குறைகின்றதா என அளந்து குறிப்பவர் தாதி. சிறுநீரகம் பழுதாகின்றது என்பதற்கு அந்த அளவே பலவேளை முதற் சான்று. குருதியைச் சோதித்துக் கூறுபவர் ஆய்வுகூடத்தார். பழுதுற்ற சிறுநீரகத்துக்கு எந்த நோவு மருந்து ஆகாது, எதன் அளவைக் குறைத்தல் வேண்டும் என எச்சரிக்க வல்லவர் மருந்தாளர். இவர்களுள் ஒருவர் வாய் அடைபட்டாலும் உழவன் உயிருக்கே ஆபத்து.

அடைபடவில்லையா? தாதியின் சொல்லுக்குச் செவிசாய்ப்பது தம் மதிப்புக்கு இழுக்கு என எண்ணும் வைத்தியர் உளர். எம்மவரான வைத்தியர்களுக்கும் சேர்த்தே இதனைக் கூறுகின்றோம். "அது எமது வேலையன்று" என ஒதுங்கும் ஏனையோரும் உளர்.

இப்பிளவுக்கு எண்ணெய் வார்ப்பது அரசே. 2024 ஜனவரியில் வைத்தியர்களின் படியை மாத்திரம் 35,000 ரூபாவால் உயர்த்த முடிவுசெய்தனர். பெப்ரவரி 1ஆம் நாள் 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினர் அனுப்பப்பட்டனர்! உழைப்பவர் ஊதியம் கேட்பதை நாம் குறைகூறோம். ஒரே கட்டிலருகில் நிற்பவர்களை ஒருவர்மீது ஒருவர் ஏவிவிட்ட அரசையே குற்றஞ்சாட்டுகின்றோம்.

இன்னொருவரை இக்கூட்டத்தில் எவரும் எண்ணுவதேயில்லை. இரத்தோட்டை, உக்குவளைத் தோட்டங்களிலிருந்து வரும் முதியவர் சிங்களம் அறியார். "சேற்றிலோ ஓடையிலோ இறங்கினீர்களா, ஐயா?" என்ற கேள்வியில் இருக்கிறது எலிக்காய்ச்சலின் துப்பு. அதனைத் தமிழிற் கேட்பவர் யார்? அயற்கட்டில் நோயாளியோ, துடைப்பத்துடன் வந்த தொழிலாளியோ! 1988இல் நிறைவேறிய 16ஆம் அரசியலமைப்புத் திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாயுள்ள இடத்திலும் அரச அலுவலரோடு தமிழிற் பேசி மறுமொழி பெறும் உரிமையைத் தந்துள்ளது. உரிமை ஏட்டில், உயிர் துடைப்பக்காரர் நாவில். அவருக்கு அதற்கெனச் சம்பளமுமில்லை, வைத்தியர் சுற்றிவரும் வேளையில் நிற்க இடமுமில்லை.

நாம் கேட்பது பெரிதன்று. மாத்தளை மாவட்டத்து வைத்தியசாலைகளில் காலைச் சுற்றின்போது தாதியும் மருந்தாளரும் வைத்தியரோடு நின்று கருத்துக் கூறட்டும். தமிழறிந்த மொழிபெயர்ப்பாளரைச் சம்பளத்தோடு அமர்த்துக. எலிக்காய்ச்சல் எனச் சந்தேகம் எழுந்த அன்றே சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் போகட்டும். பரிசோதகர் அவ்வயலுக்குச் செல்லட்டும். அடுத்த பெரும்போகத்துக்கு ஏர் பூட்டுமுன் சுகாதார அமைச்சு இவற்றைச் செய்தாதல் வேண்டும்.