கப்பலேறியவர்கள் நம்மவர்கள்!

சென்ற மாதம் அத்திப்பட்டில் தொழிலாளர் கூட்டம். பேச்செல்லாம் முடிந்து, விரித்த ஜமக்காளத்தைச் சுருட்டும் நேரத்தில், சுமை தூக்கி ஓய்ந்த முதியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். "தோழரே, எங்க பாட்டனுக்குப் பாட்டன் தீவாந்திரம் போனவர்னு எங்க ஆயா சொல்லும். எந்தத் தீவு, என்ன குத்தம், ஒண்ணும் தெரியாது. எங்கனா எழுதி வெச்சிருப்பாங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மகன் அவர் கையைப் பிடித்து இழுத்தார். "இத ஏம்ப்பா நாலு பேர் எதிர்ல பேசுற?" என்றார்.

தகப்பனின் கேள்விக்கும் மகனின் வெட்கத்துக்கும் சேர்த்தே இந்த வாரம் பதில் சொல்ல விரும்புகிறோம்.

'மானம் கப்பலேறிவிட்டது' என்பது நம் ஜனங்களின் வாயில் புழங்கும் பேச்சு. நாமும் கேட்கிறோம்: கப்பலேறிய மானம் யாருடையது? விலங்கோடு ஏறியவனுடையதா? விலங்கு பூட்டி ஏற்றியவனுடையதா?

யாரை ஏற்றினார்கள்?

1801-ம் ஆண்டு மருது சகோதரர்கள் கும்பினி ஆட்சியை எதிர்த்துத் திருச்சியில் அறிக்கை ஒட்டிப் போர் தொடுத்தார்கள். அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் அவர்களைத் தூக்கிலிட்டார்கள். கதை அதோடு முடியவில்லை. 1802 பிப்ரவரியில், அகப்பட்ட வீரர்கள் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்கு தீவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. மீசை முளைக்காத பாலகன். பல வருஷம் கழித்து, அந்தப் போரில் கும்பினிப் படையில் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரி பினாங்கில் அவனைச் சந்தித்தார். எதிரே நின்ற கிழடு தட்டிய மனிதன்தான் துரைசாமி என்று அவரால் நம்ப முடியவில்லையாம். வெள்ளைக்கார அதிகாரியே தன் புத்தகத்தில் எழுதிவைத்த செய்தி இது.

துரைசாமிக்கு ஒரு வெல்ஷ் இருந்தார், எழுதினார். மற்றவர்கள்?

கப்பலேறிய எல்லோரும் போராளிகள் என்று நாம் சொல்ல வரவில்லை. கொலை செய்தவனும் இருந்தான், வழிப்பறி செய்தவனும் இருந்தான். ஆனால் பஞ்சம் வந்தபோதெல்லாம் நெல் கொள்ளை வழக்குகள் பெருகின. தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, சென்னை ராஜதானியின் சிறைகள் நிரம்பி வழிந்தன. களஞ்சியத்தைப் பூட்டி வைத்து விலை ஏறக் காத்திருந்தவன் வியாபாரி என்று பெயர் வாங்கினான். பூட்டை உடைத்தவன் கொள்ளைக்காரன் ஆனான். பெண்களும் கப்பலேறினார்கள். பெற்ற சிசுவைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர்கள் அவர்களில் பலர். அவர்களை அந்தக் கதிக்குத் தள்ளிய ஊரையும் சாதியையும் எந்தக் கோர்ட்டும் கூண்டில் நிறுத்தவில்லை.

அதுமட்டுமா? ஆயுள் தண்டனை பெற்றவனின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பினார்கள். 1849-ல்தான் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். தலைப்பாகையை நெற்றி வரை இறக்கிக் கட்டி அதை மறைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் உண்டு.

1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்ற வ.உ.சி.க்கும் தீவாந்திர தண்டனைதான் விதித்தார்கள். அந்தமானுக்கு அனுப்பாமல் கோவையிலும் கண்ணனூரிலும் அடைத்தார்கள். அவரைக் 'கைதி' என்று சொல்லி இன்று யாராவது வெட்கப்படுகிறோமா?

என்ன வேலை வாங்கினார்கள்?

தண்டனை என்று பெயர். நடந்தது கூலியில்லாத வேலை. 1825 ஏப்ரலில், சுமத்ராவின் பெங்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு முதல் கைதிக் கப்பல் வந்தது. அதில் வந்த 80 பேரும் சென்னை ராஜதானியிலிருந்து தண்டிக்கப்பட்டவர்கள். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் காடு வெட்டினார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், சாலை போட்டார்கள், செங்கல் சுட்டார்கள். 1862-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் மாதாகோவில் அவர்கள் கட்டியது. இன்று சிங்கப்பூர் ஜனாதிபதியின் மாளிகையாக இருக்கும் கட்டடமும் 1867 முதல் 1869 வரை அவர்கள் கட்டியதே.

அந்த மாதாகோவிலின் சுவருக்கு என்ன பூச்சு தெரியுமா? கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். இவற்றைக் குழைத்துப் பூசி, பளிங்குபோல் தேய்த்தார்கள். அதற்குச் 'சென்னைச் சுண்ணாம்பு' என்றே பெயர். எண்ணூர்க் கழியிலும் பழவேற்காட்டு ஏரியிலும் கிளிஞ்சல் அள்ளிப் பிழைத்த அத்திப்பட்டுச் சுற்றுவட்டார ஜனங்களுக்கு அந்தச் சுண்ணாம்பின் அருமை தெரியும். கைதியின் நெற்றியில் குற்றத்தை எழுதினார்கள். அவன் கட்டிய சுவரில் அவன் பெயரை எழுதவில்லை!

1873-ல் சிங்கப்பூர்க் கைதிக் கொட்டடி மூடப்பட்டது. விடுதலை பெற்ற பலர் அங்கேயே குடும்பம் நடத்தினார்கள். அதற்கு முன்பே, 1858 மார்ச்சில், சிப்பாய்ப் புரட்சியில் பிடிபட்டவர்களைக் கொண்டு அந்தமான் குடியிருப்பைத் தொடங்கியிருந்தார்கள். செல்லுலார் சிறையை 1896-ல் தொடங்கி 1906-ல் முடித்ததும் கைதிகளின் கைகளே. தங்களை அடைக்கும் கொட்டடியைத் தாங்களே கட்டினார்கள். அந்தச் சிறையில் 1933-ல் உண்ணாவிரதம் இருந்து மகாவீர் சிங், மோகித் மைத்ரா, மோகன் கிஷோர் நாமதாஸ் ஆகிய மூவர் மாண்டார்கள். அதே சிறையில் 1935-ல் கைதிகள் கம்யூனிஸ்ட் குழு அமைத்து, மார்க்சியம் படித்து, செங்கொடியின் கீழ் திரண்டார்கள். நம் இயக்கத்தின் வேர்களில் ஒன்று அந்தக் கொட்டடியில் ஓடுகிறது. போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. ஆனால் கைதிகளின் பேரன் பேத்திகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 1788 முதல் 1868 வரை பிரிட்டன் சுமார் 1,60,000 கைதிகளை அங்கே கொண்டுபோய்க் கொட்டியது. அவர்களின் பிள்ளைகளும் வெகுகாலம் வெட்கப்பட்டு மறைத்தார்கள். இன்றோ, ரொட்டி திருடிய பாட்டனின் பெயரைப் பதிவேட்டில் தேடிக் கண்டுபிடித்துப் பெருமையாகச் சொல்கிறார்கள். வெள்ளைக் கைதியின் பேரனுக்கு உள்ள பெருமை நம் பேரனுக்கு ஏன் கூடாது?

ஏட்டில் ஏறிய ஏழை

மிராசுதாரனுக்கு வம்சாவளி உண்டு, செப்புப் பட்டயம் உண்டு, கோயில் கல்வெட்டு உண்டு. பண்ணையாளுக்கு என்ன உண்டு? மூன்று தலைமுறைக்கு மேல் அவனுக்குப் பாட்டன் பெயர் தெரியாது. ஆனால் கப்பலேற்றும்போது மட்டும் சர்க்கார் குமாஸ்தா எழுதினான்: பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர், குற்றம், உடம்பில் உள்ள தழும்பு. ஏழையின் பெயர் ஏட்டில் ஏற, அவன் கையில் விலங்கு ஏற வேண்டியிருந்தது!

ஆகவே அத்திப்பட்டுப் பெரியவருக்கு நம் பதில்: ஆம், எழுதிவைத்திருக்க இடமுண்டு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய சென்னை ராஜதானியின் நீதித்துறைக் காகிதங்கள் இருக்கின்றன. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தமான் காகிதங்கள் இருக்கின்றன. லண்டனிலும் சிங்கப்பூரிலும் மேலும் உண்டு. ஆனால் இங்கிலீஷ் கையெழுத்தில், வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர்களில், கூலி வேலைக்குப் போகும் மனிதன் ஒருநாள் சம்பளத்தை இழந்து வந்து எதைத் தேடுவான்?

எனவே தமிழக அரசைக் கோருகிறோம். நாடு கடத்தப்பட்டவர்களின் காகிதங்களைத் தனியே பிரித்து, ஜில்லா வாரியாக, ஊர் வாரியாகத் தமிழில் பட்டியல் போடுங்கள். சிங்கப்பூர், பினாங்கு, அந்தமான் பட்டியல்களின் நகல்களை வாங்குங்கள். ஒவ்வொரு நூலகத்திலும் காசில்லாமல் பார்க்க வழி செய்யுங்கள். ஆராய்ச்சிப் பட்டம் வாங்குவோருக்கு மட்டுமல்ல, அந்தப் பாட்டன்களின் வாரிசுகளுக்கும் அவை சொந்தம்.

தோழர்களே, இன்னொன்றும் உண்டு. இன்று கும்மிடிப்பூண்டி ரயிலில் வந்து இறங்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளி நம் சகோதரன். வெளிமாநிலத் தொழிலாளிக்குப் போட்டோ ஒட்டிய பாஸ்புத்தகம் கொடுக்க வேண்டும் என்று 1979-லேயே சட்டம் சொன்னது. எத்தனை பேர் கையில் கொடுத்தார்கள்? உலைப் பக்கத்தில் அவன் செத்து விழுந்தால், எந்த ஊர், யார் பிள்ளை என்று ஒப்பந்ததாரனின் நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா? வெள்ளைக்காரன் கைதிக்காவது தகப்பன் பெயரை எழுதிவைத்தான்! ஒவ்வொரு ஆலை வாசலிலும், ஒவ்வொரு செங்கல் சூளையிலும், சங்கத் தோழர்கள் இந்தப் பெயர்களைக் கேட்டு எழுத வேண்டும். நூறு வருஷம் கழித்து அவன் பேரன் வந்து கேட்கும்போது, தெரியாது என்று சொல்லும் நிலை வரக்கூடாது.

அத்திப்பட்டுப் பெரியவரின் மகனுக்கும் ஒரு வார்த்தை: தம்பி, அப்பாவின் கையை விடு. அவர் நாலு பேர் எதிரில் பேசட்டும். நாலாயிரம் பேர் எதிரிலும் பேசட்டும். உன் பாட்டன் வெட்கப்பட வேண்டியவன் அல்ல. வெட்கப்பட வேண்டியவர்கள் கப்பலுக்குச் சொந்தக்காரர்கள்.