பூட்டைப் படிப்பவன் கள்வனா?

லண்டன் மாநகரிலே, பிக்கடில்லி வீதியிலே, ஒரு பூட்டுக்கடை. கடையின் சன்னலிலே ஒரு பூட்டு. பூட்டுடன் ஓர் அறைகூவல்! இந்தப் பூட்டைத் திறக்கும் கருவியைச் செய்து காட்டுபவர் எவராயினும் அவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தது பிராமா நிறுவனம். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பூட்டு அசையவில்லை. வந்தார்கள், வளைத்துப் பார்த்தார்கள், வாடிய முகத்துடன் திரும்பினார்கள்.

1851. லண்டனில் உலகப் பொருட்காட்சி. அமெரிக்காவிலிருந்து ஹாப்ஸ் என்ற பூட்டு வல்லுநர் வந்தார். மற்றொரு பெயர் பெற்ற பூட்டான ‘சப்’ பூட்டை 25 நிமிடங்களில் திறந்தார். பிறகு பிராமா பூட்டின் முன் அமர்ந்தார். 16 நாட்களிலே, மொத்தம் 51 மணி நேரம் பாடுபட்டு, அதையும் திறந்துவிட்டார்!

பதறினார்கள் பலர். “இதை ஊரறியச் செய்யலாமா? கள்வனுக்குக் கல்வி புகட்டுவதாகாதா?” என்று கேட்டனர். அதற்கு அன்றே விடை கிடைத்தது. கள்வனுக்குப் பூட்டின் பலவீனம் முன்பே தெரியும். தெரியாமல் ஏமாந்து நிற்பவன், காசு கொடுத்துப் பூட்டு வாங்கியவன்தான்! பூட்டு மட்டுமா திறந்தது? பூட்டுச் செய்வோரின் கண்ணும் திறந்தது.

எப்போதோ நடந்த கதையை இப்போது ஏன் சொல்கிறோம்?

ஆலைத் தொழிலாளத் தோழர் ஒருவர், சென்ற வாரம் வாடிய முகத்துடன் நம்மிடம் வந்தார். “பையன் ஹேக்கிங் படிக்கப் போகிறேன் என்கிறான். போலீஸ் வந்து வாசலில் நிற்குமோ என்று அவன் அம்மா அழுகிறாள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்றார்.

ஒரு வார்த்தை என்ன, நாலு வார்த்தையே சொல்லுவோம். அந்தத் தாயின் அச்சத்தை மடமை என்று நாம் தள்ளமாட்டோம். காரணமுள்ள அச்சம் அது. ஆனால் அச்சம் வேறு, அறியாமை வேறு.

2017 மே 12. இங்கிலாந்து நாட்டு மருத்துவமனைகளிலே கணினித் திரைகள் திடீரெனச் சிவந்தன. ‘உன் கோப்புகளைப் பூட்டிவிட்டோம். 300 டாலர் கொடு, திறந்து விடுகிறோம்’ என்றது திரை. ‘வான்னாக்ரை’ என்பது அந்தக் கொடும்புழுவின் பெயர். மனிதன் கை படாமலேயே, ஒரு கணினியிலிருந்து மறு கணினிக்குத் தானே தாவும் புழு! அந்நாட்டு அரசு மருத்துவத் துறையின் 236 அமைப்புகளிலே குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. 19,000-க்கு மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் நின்றுபோயிருக்கும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். சில ஊர்களிலே அவசர நோயாளிகளை வேறு மருத்துவமனைக்குத் திருப்பிவிட நேர்ந்தது. பணக்காரனின் பெட்டியையா பூட்டினார்கள்? நோயாளியின் படுக்கையருகே வந்து பூட்டினார்கள்!

எப்படி நுழைந்தது புழு? விண்டோஸ் கணினிகளில் இருந்த ஓர் ஓட்டை வழியே. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. மருந்து இருந்தது, உண்ணத்தான் ஆளில்லை! இரண்டு மாதம் கிடைத்தும் அடைக்காதவர்கள் அகப்பட்டார்கள்.

தடுத்து நிறுத்தியவர் யார்? படைத்தளபதியா? பல்கலைக்கழகப் பேராசிரியரா? இல்லை. டெவன் என்ற கடலோர மாவட்டத்திலே, பெற்றோர் வீட்டிலே அமர்ந்து பணிபுரிந்த 22 வயது இளைஞர் மார்க்கஸ் ஹட்சின்ஸ். கல்லூரிப் பட்டம் பெறாதவர். தானே கற்றவர். புழுவின் உடலை ஆராய்ந்தார். அது வேலையைத் தொடங்குமுன், பொருளற்ற எழுத்துக்களாலான ஒரு நீண்ட இணைய முகவரியைத் தேடுவதைக் கண்டார். அந்த முகவரி எவருக்கும் சொந்தமில்லை. ஏறத்தாழ 11 டாலர் கட்டி அதைத் தன் பெயரில் பதிவு செய்தார். புழு எங்கெங்கே பரவுகிறது என்று கணக்கெடுப்பதற்காகத்தான் செய்தார். ஆனால் அந்த முகவரி பதில் தந்தால் புழு படுத்துவிடும் என்பது பிறகே தெரிந்தது! மந்திரமன்று, மாயமன்று. நாள்தோறும் செய்துவந்த பழக்கம் அவர் கையில் நின்றது. நாடுகள் பல மூச்சுவிட்டன.

கைதட்டத் தோன்றுகிறதல்லவா? தட்டுங்கள். ஆனால் கதை முடியவில்லை.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2017 ஆகஸ்டிலே, அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரிலே, அதே இளைஞர் கைது செய்யப்பட்டார். ஏன்? இருபது வயதை எட்டும் காலத்திலே, வங்கிக் கணக்கின் கடவுச்சொற்களைத் திருட உதவும் ‘க்ரோனோஸ்’ என்ற தீய மென்பொருளை ஆக்கியதிலே அவருக்குப் பங்கு இருந்தது. 2019-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறையிலிருந்த நாட்களே போதும், ஓராண்டு கண்காணிப்பில் இருக்கட்டும் என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவர் திருந்தியதையும், செய்த நன்மையையும் நீதிபதி எண்ணிப் பார்த்தார். எல்லா இளைஞருக்கும் அப்படியொரு நீதிபதி வாய்ப்பாரா?

அறிவு ஒன்றே. விரல் ஒன்றே. ஒரு நாள் அது கள்வனுக்குக் கருவி செய்தது. மறுநாள் நோயாளியின் உயிர் காத்தது. வேறுபாடு எங்கே? ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது, தோழர்களே! அந்தச் சொல் – அனுமதி!

உடையவனைக் கேட்டாயா? ஒப்புதல் பெற்றாயா? எழுத்திலே வாங்கினாயா? ஆம் என்றால் நீ காவலன். இல்லை என்றால், உன் உள்ளம் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும், நீ நிற்கும் இடம் கறுப்பு.

இது நம் அறவுரை மட்டுமல்ல, நாட்டின் சட்டமும் இதுதான். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, உடையவரின் அனுமதியின்றிக் கணினியில் நுழைந்தாலே இழப்பீடு தர வேண்டும் என்கிறது. அதையே நேர்மையற்ற எண்ணத்துடன் செய்தால், 66-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘விளையாட்டுக்குச் செய்தேன்’, ‘ஓட்டையைக் காட்டத்தான் செய்தேன்’ என்று சொல்லித் தப்ப முடியாது. பக்கத்து வீட்டு வைஃபையும் பிறர் பொருள்தான். படித்த பள்ளியின் இணையதளமும் பிறர் பொருள்தான்!

“அப்படியானால் தொடக்கக்காரன் எதிலே கற்பது?” என்று கேட்கிறீர்கள். சரியான கேள்வி. தன் பொருளிலே கற்கட்டும்!

பழைய கணினி ஒன்று போதும். லினக்ஸ் இலவசம். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால், ஒரே பெட்டிக்குள் இரண்டு கணினிகளை உண்டாக்கலாம். ஒன்று தாக்கும், மற்றொன்று தாக்கப்படும். இரண்டுக்கும் உடையவன் நம் பிள்ளையே! பயிற்சிக்காகவே ஓட்டைகளுடன் செய்யப்பட்ட மெட்டாஸ்ப்ளாய்டபிள், ஜூஸ் ஷாப் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. ‘பேண்டிட்’ என்றொரு பயிற்சி விளையாட்டு உண்டு. ஒரு படியை வென்றால்தான் அடுத்த படிக்குரிய கடவுச்சொல் கிடைக்கும். ‘கொடி பிடிக்கும்’ போட்டிகளும் நடக்கின்றன. கணினிக்குள் ஒளித்து வைத்த கொடியை, விதிக்குட்பட்டுத் தேடிப் பிடிக்க வேண்டும். கொடி தாங்கிய கைகளுக்கு இது புதிதா என்ன!

ஆனால் வரிசை முக்கியம். உடைப்பதற்கு முன் ஓடுவதைப் படிக்க வேண்டும். இரண்டு கணினிகள் எப்படிப் பேசிக்கொள்கின்றன? ஐ.பி. முகவரி என்றால் என்ன? போர்ட் என்றால் என்ன? வயர்ஷார்க் என்ற கருவியை வைத்துத் தன் கணினியின் பேச்சைத் தானே ஒட்டுக்கேட்டுப் பார்க்கட்டும். காப்பில்லாத பக்கத்திலே தட்டிய கடவுச்சொல் அம்மணமாக ஓடுவதையும், காப்புள்ள பக்கத்திலே அது உருமாறிப் புரியாமற்போவதையும் கண்ணாரக் காண்பான். அந்த ஒரு காட்சி பத்துப் பாடத்துக்குச் சமம். பிறகு பைதான் என்ற நிரல்மொழி. அதற்குப் பிறகே கருவிகள். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். செய்ததை, கண்டதை, அடைக்கும் வழியை எழுதட்டும். ஓட்டையைக் கண்டவனுக்குப் பாதி வேலைதான் முடிந்தது. உடையவருக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பதே மீதி.

கற்றுத் தேறியபின், தம் ஓட்டைகளைக் கண்டு சொல்வோர்க்குப் பரிசு தரும் நிறுவனங்கள் பல உண்டு. 1995-லேயே நெட்ஸ்கேப் நிறுவனம் அதைத் தொடங்கியது. சன்னலிலே பூட்டை வைத்த அதே அறைகூவல்தான்! ஆனால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று எல்லை போட்டிருப்பார்கள். எல்லையைத் தாண்டினால் பரிசுமில்லை, பாதுகாப்புமில்லை.

‘ஆறே மாதத்தில் ஹேக்கராகலாம், கட்டு ஒரு லட்சம்’ என்று கூவுவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள். அடிப்படையை இலவசமாகவே கற்கலாம். ஆண்டுகள் ஆகும்; ஆகட்டும்! ஹாப்ஸுக்கு ஒரு பூட்டுக்கு 51 மணி நேரம் ஆனது, அதுவும் ஆண்டுக்கணக்கில் பூட்டுகளோடு பழகிய பிறகு.

மற்றொன்றையும் மறவாதீர்கள். க்ரோனோஸ் வழிக்கு ஓர் இளைஞன் ஏன் போகிறான்? தனியே இருட்டறையில் கற்கிறான். பாராட்ட ஆளில்லை, தட்டிக்கேட்க ஆளில்லை. காசைக் காட்டுகிறவன் முதலில் வந்துவிடுகிறான். நாம் கதவை மூடினால், கள்வன் கதவைத் திறப்பான்! ஆகவே படிப்பகங்களிலே நாளேடுகளுக்குப் பக்கத்தில் ஒரு கணினியையும் வையுங்கள். நாலு பிள்ளைகள் கூடிக் கற்கட்டும்; மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கற்ற பிள்ளை முதலில் தன் தெருவுக்குக் காவலிருக்கட்டும். ஓ.டி.பி.யை எவருக்கும் சொல்லாதே என்று தாய்க்குச் சொல்லட்டும். பணம் பறிபோனால் அக்கணமே 1930-க்குக் கூப்பிடு என்று அண்டை வீட்டாருக்குச் சொல்லட்டும். உழைப்பாளியின் ஊதியம் இன்று செல்பேசிக்குள் இருக்கிறது. அதைக் காப்பதும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளையின் கடமையே.

ஆலைத் தோழரே! மகனைத் தடுக்காதீர். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: “தம்பி, இது யாருடைய கணினி? கேட்டுவிட்டுத்தான் தொடுகிறாயா?” கணினி தெரியாத தகப்பனும் கேட்கக்கூடிய கேள்வி அது. அதற்கு அவன் நிமிர்ந்து நின்று விடை சொன்னால், அவன் அம்மாவிடம் சொல்லுங்கள்: வாசலுக்குப் போலீஸ் வராது, வந்தாலும், பையனிடம் உதவி கேட்டுத்தான் வரும்!