கணக்கு வருமா, வராதா?

ஒரு பிள்ளைக்குக் கணக்கு வரவில்லையென்றால் நம் நாட்டில் அதற்குச் சொல்லப்படும் காரணங்களைக் கேட்டுச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. “அவன் தலையெழுத்து அவ்வளவுதான்” என்பார் தகப்பனார். “சரஸ்வதி கடாட்சம் இல்லை” என்பாள் பாட்டி. பெண்பிள்ளையாயிருந்தால், “அதற்குக் கணக்கு எதற்கு?” என்று காரியத்தையே முடித்துவிடுவார்கள். இவ்வளவும் போதாதென்று, கணித மேதை இராமானுஜனுக்கே நாமகிரித் தாயார்தான் கனவில் வந்து கணக்குச் சொன்னாள் என்ற கதையையும் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவர் இராப்பகலாய்ச் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடியும் எழுதியதைப் பற்றி மாத்திரம் யாரும் வாயைத் திறப்பதில்லை. அதே தாயாரைக் கும்பிட்ட மற்ற இலட்சம் பேரின் கனவில் அவள் ஒரு கூட்டல் கணக்காவது ஏன் சொல்லவில்லையென்று நாம் கேட்டால், நாம் நாஸ்திகர்களாகிவிடுகிறோம்!

இது பள்ளிக்கூடத்தோடு போகிற சங்கதியல்ல. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலும், திண்டுக்கல் வெங்காய மண்டியிலும், நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டிலும், கழிவு எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று போட்டுப் பார்க்கத் தெரியாத குடியானவன், சீட்டில் எழுதியதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறவேண்டியதுதான். “பத்து வட்டிதான்” என்று காதுக்கு இனிமையாகச் சொல்லிக் கடன் கொடுக்கிறவன், மாதம் நூற்றுக்குப் பத்து என்றால் வருஷத்துக்கு நூற்றுக்கு 120 என்பதை விளக்கிச் சொல்லுவானா? கந்துவட்டியைத் தடுக்க நம் மாகாணத்தில் 2003-லேயே சட்டம் செய்தாய்விட்டது. வட்டி போட்டுப் பார்க்கத் தெரியாதவனுக்கு அந்தச் சட்டம் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இப்போது கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளைக் கொண்டு சிறு பிள்ளைகளுக்குக் கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு முதலியவற்றைச் சொல்லிக்கொடுக்கலாம் என்கிறார்கள். உடனே சில பெரியவர்கள், “படிப்பென்ன விளையாட்டா? அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிரம்பை வைத்துக்கொண்டு எண்சுவடியை உருப்போட வைத்தார்களே, அதற்கு ஈடாகுமா?” என்று கிளம்பிவிடுகிறார்கள். முந்திரி 320-ல் ஒன்று, காணி 80-ல் ஒன்று என்று அங்கே தலைகீழாய் ஒப்பித்தது வாஸ்தவந்தான். ஆனால் அந்தத் திண்ணையில் யார் வீட்டுப் பிள்ளை ஏறி உட்கார்ந்தது, யார் வீட்டுப் பிள்ளை மாடு மேய்க்கப் போயிற்று என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லட்டும்.

விளையாட்டால் கணக்கு வருமா என்பதைப் பரீட்சித்தே பார்த்திருக்கிறார்கள். குஜராத்தில் வதோதரா நகரத்து முனிசிபல் பள்ளிக்கூடங்களுக்கு 2000-ல் சர்க்கார் ஆளுக்கு நான்கு கம்ப்யூட்டர்கள் கொடுத்தது. பெரும்பாலான இடங்களில் அவற்றைப் பிள்ளைகள் தொடவேயில்லை. பிறகு பிரதம் என்னும் சங்கத்தார் நாலாம் வகுப்புப் பிள்ளைகளை, ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் வீதம், வாரம் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டு ஆடவிட்டார்கள். ஆடின பிள்ளைகள் ஆடாத பிள்ளைகளைக் காட்டிலும் கணக்கில் வெகுவாய் முன்னேறினார்கள் என்று 2007-ல் வெளியான ஆராய்ச்சி சொல்லுகிறது. அவர்களெல்லாம் ஏழை வீட்டுப் பிள்ளைகள். இரண்டு வருஷத்திற்குள் அவர்கள் தலையெழுத்தை எந்தப் பிரம்மா திருத்தினான்?

காரணம் சாதாரணமானது. கம்ப்யூட்டர், தப்பு விடை சொன்ன பிள்ளையைப் பெஞ்சின்மேல் ஏற்றுவதில்லை, “மக்கு” என்பதில்லை, அப்பன் பேரையும் தெருவையும் கேட்பதில்லை. “இன்னொரு தரம் போடு” என்கிறது. பயம் போனால் பாதிக் கணக்கு வந்துவிடும்.

ஆனால் அதே ஆராய்ச்சியில் இன்னொரு சங்கதியும் உண்டு. விளையாட்டை நிறுத்தி ஒரு வருஷமானபோது அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்துபோயிற்று. டில்லியில் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு எண்களையும் உருவங்களையும் கொண்டு விளையாட்டுகள் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில், பிள்ளைகள் அவ்விளையாட்டில் கெட்டிக்காரர்களானார்களே தவிர, பள்ளிக் கணக்கில் அது உதவவில்லையென்று 2017-ல் எழுதியிருக்கிறார்கள். ஆகவே விளையாட்டிலிருந்து சிலேட்டுக்குப் பிள்ளையைக் கைபிடித்துக் கொண்டுவர ஓர் உபாத்தியாயர் வேண்டும். அவர் இல்லாமல் பெட்டியை மாத்திரம் வாங்கி வைப்பது, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கத்தான் பயன்படும்.

எல்லா விளையாட்டும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்கவேண்டும். நம் வீட்டுப் பல்லாங்குழியையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு குழி, எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று மனதுக்குள் எண்ணிப் பார்க்கிறவளே ஜெயிப்பாள். பரமபதமோ தாயக்கட்டை விழுந்தபடிதான், ஏணியும் பாம்பும் விதியின் செயல், முடிவில் வைகுண்டம்! ஆனாலும் கட்டத்து எண்களைச் சத்தமாய்ச் சொல்லிக்கொண்டே காயை நகர்த்தினால் அதிலும் பலன் உண்டு. அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளை 1 முதல் 10 வரை வரிசையாய் எழுதிய கட்டத்தில் நான்கே தடவை, தடவைக்கு இருபது நிமிஷத்துக்குள் ஆடவைத்ததில் அவர்களுக்கு எண்ணறிவு வளர்ந்தது. எண்ணுக்குப் பதில் வர்ணம் பூசிய கட்டத்தில் ஆடியவர்களுக்கு வளரவில்லை. இது 2008-ல் வெளியானது. செல்போன் விளையாட்டையும் இப்படியே உரைத்துப் பார்க்கவேண்டும். பிள்ளை எண்ணுகிறதா, அல்லது காசு மழை பொழிவதைப் பார்த்து வாயைப் பிளக்கிறதா? பணம் கட்டி ஆடும் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க 2025-ல் மத்திய சர்க்கார் சட்டம் செய்ய நேர்ந்ததை நாம் மறந்துவிடக்கூடாது.

கொரோனாக் காலத்தில், 2020 முதல் 2021 நவம்பர் வரை, சிறு பிள்ளைகளின் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தன. அப்பொழுது செல்போன் உள்ள வீட்டில் பாடம், இல்லாத வீட்டில் ஆடு மேய்ப்பு என்றாயிற்று. வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லுக்குத் தாய் வேலைக்குப் போகும்போது வீட்டிலிருந்த ஒரே போனும் அவளோடு போய்விடும். அந்த நஷ்டத்தை ஈடுகட்டவே 2022-ல் “எண்ணும் எழுத்தும்” திட்டம் வந்தது. பாட்டும் விளையாட்டுமாய்க் கணக்குச் சொல்லும் அத்திட்டத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் உபாத்தியாயரின் பொழுது பிள்ளைகளோடு போகாமல் செல்போனில் புள்ளிவிவரம் ஏற்றுவதிலேயே போவதாய் உபாத்தியாயர்கள் முறையிட்டதையும் சர்க்கார் காதில் போட்டுக்கொள்ளவேண்டும். கணக்கு விளையாட்டை அப்பன் போனுக்கு விடாமல், பள்ளிக்கூடத்திலேயே, தமிழிலேயே, விளம்பரமில்லாமல், இரண்டு பிள்ளைக்கு ஒரு கருவி வீதம் நடத்தவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் நமக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பூட்டு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறைக் கதவில் தொங்கவேண்டியதில்லை. ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் பெற்றோர்களே அதிகம். தோழர்கள் அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போய், சாவி யாரிடம் இருக்கிறது, வாரத்தில் எத்தனை மணி நேரம் அந்த அறை திறந்திருக்கிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு, பதிலை மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லவேண்டும்.