முப்பது ஆண்டுக் கணக்கு

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிக் காணி தேடுவோரை நாம் அறிவோம். விலையைக் கேட்பர், கிணற்று நீர் நன்னீரா என்பர், பாடசாலை எவ்வளவு தூரம் என்பர். கடல்நீர் முன்னர் எதுவரை ஏறியது என்று கேட்பார் அரியர்.

தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ச் சூறாவளி, இப்பகுதியையும் தாக்கியே சென்றது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் சூறையாடியது. இடையே 40 ஆண்டுகள். பாட்டன் கண்டதைப் பேரன் கதையாகவே கேட்டான். கதைக்கு அஞ்சிக் காணியை விடுவார் எவர்?

கடற்றொழிலாளரைப் பேதையர் எனல் தகாது. வள்ளமும் வலையும் கரையிற் கிடக்க, அவர் தொலைவிற் குடியிருப்பது எங்ஙனம்? கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று 2005இல் அறிவித்த அரசே, பின்னர் அதனைத் தளர்த்த நேர்ந்தது. என்றோ வரும் அலையினும் அன்றாடச் சோறே முன்னிற்கும்.

ஆயினும் கணக்கொன்று உண்டு. சராசரியாக 50 ஆண்டுக்கு ஒருமுறை நேரும் இடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது குறித்த ஓராண்டில் நேரும் வாய்ப்பு நூற்றில் 2 மட்டுமே. அதைக் கண்டே நாம் அமைதியுறுகின்றோம். அவ்விடத்தில் 30 ஆண்டுகள் வாழ்ந்தாலோ, ஒருமுறையேனும் அதனைச் சந்திக்கும் வாய்ப்பு நூற்றில் ஏறக்குறைய 45 ஆகின்றது! ஓராண்டு வாழ்வதற்காகவா நாம் வீடு கட்டுகின்றோம்?

மாணவர்களே, உங்கள் ஊரில் நீர் ஏறிய எல்லையை முதியோரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். காணி உறுதியில் அந்த எல்லை எழுதப்படுவதில்லை.