குதிரைக்கு 52 ஏக்கர், பையனுக்கு நடுரோடு

பந்தயம் ஊட்டிக்குப் புதிதல்ல. பஸ் ஸ்டாண்டை ஒட்டி, ஊரின் நடுமத்தியில், 52 ஏக்கர் நிலத்தை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் குதிரைகளுக்கு விட்டுவைத்திருந்த ஊர் இது. ஏப்ரல் பிறந்தால் லாரிகளில் குதிரைகள் மலையேறி வரும். கோடை விழாவுக்கு வந்த கூட்டம் வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்கும். உள்ளே பணம் கட்டுகிறவர்கள் கட்டுவார்கள். அந்த நிலத்தின் குத்தகை 1978-லேயே முடிந்துவிட்டது. சென்னை ரேஸ் கிளப் தர வேண்டிய பாக்கி 822 கோடி ரூபாய் என்று அரசு கணக்குச் சொன்னது. 2024 ஜூலையில்தான் வருவாய்த் துறையினர் போய்ப் பூட்டுப் போட்டு, சூழல் பூங்கா அமைக்கத் தோட்டக்கலைத் துறையிடம் நிலத்தை ஒப்படைத்தார்கள்.

இத்தனை ஆண்டுகளில் இந்த மாவட்டத்தின் மெக்கானிக் கடைப் பையனுக்கும், எஸ்டேட் லைன் வீட்டுப் பையனுக்கும், பைக்கை ஓட்டிப் பார்க்க நாம் என்ன கொடுத்தோம்? தலைகுந்தாவிலிருந்து இறங்கும் கல்லட்டி சாலையைக் கொடுத்தோம். கேத்தி வளைவுகளைக் கொடுத்தோம். பர்லியாறு பக்கம் கொடுத்தோம். கொடுத்தோம் என்றால் மனமுவந்து அல்ல, வேறு எதுவும் தராததால் அவன் அதை எடுத்துக்கொண்டான். குதிரை மைதானம் காலியாகிவிட்டதே, அங்கே பைக் ஓடட்டும், டிவிக்காரர்களைக் கூப்பிட்டுப் பெரிதாக ஒரு டிராக் ரேஸ் நடத்தினால் ஊருக்கும் வருமானம்தானே என்று ஓர் இளைஞன் கேட்டால், அவனை அதட்டி அனுப்பும் உரிமை நமக்கில்லை. பதில் சொல்லும் கடமை இருக்கிறது.

மோட்டார் பந்தயங்களிலேயே எளியது டிராக் ரேஸ். வளைவே கிடையாது. கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்த்தளம். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முன்னால் ஒரு விளக்குக் கம்பம். மஞ்சள் எரிந்து பச்சை விழுந்ததும் கிளட்சை விட வேண்டும். பச்சைக்கு முன்னால் நகர்ந்தால் சிவப்பு எரியும், கதை முடிந்தது. எத்தனை நொடி தயங்கினாய், எத்தனை நொடியில் தூரத்தைக் கடந்தாய், கோட்டைத் தாண்டும்போது என்ன வேகம் என்பதையெல்லாம் கருவி நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து சொல்லிவிடும். அதில் வாய்ச்சவடாலுக்கு இடமில்லை. தன் வண்டி எத்தனை நொடியில் ஓடும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஓட்டும் முறை ஒன்றும் உண்டு. மெதுவான வண்டி அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப முதலில் கிளம்பும். சொன்ன நேரத்தைவிட வேகமாக ஓடினாலும் தோல்விதான். இப்படி ஓட்டும்போது அப்பா வைத்திருந்த பழைய ஆர்.எக்ஸ். 100 கூடப் பல லட்ச ரூபாய் இறக்குமதி பைக்கை நியாயமாக வெல்லலாம். ஏழைக்கும் இடம் வைத்திருக்கும் விளையாட்டை ஒழுக்கக்கேடு என்று சொல்ல மாட்டோம்.

அது பிறந்த கதையும் நம் கதை மாதிரிதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியாவில் இளைஞர்கள் தெருவில் வண்டியோட்டி, தங்களையும் பிறரையும் கொன்றுகொண்டிருந்தார்கள். 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் அவர்களுக்காகத் தேசிய அளவில் ஒரு சங்கம் தொடங்கினார். 1954-ல் அந்தச் சங்கத்தின் ஆட்கள் சிலர் காரும் டிரெய்லருமாக ஊர் ஊராகப் போய், கைவிடப்பட்ட விமானத்தளங்களில் பாதுகாப்பாகப் பந்தயம் நடத்துவது எப்படி என்று உள்ளூர்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே முதல் தேசியப் போட்டி நடந்தது. விளையாட்டு வளர்ந்தது இப்படித்தான். அன்று பையன்களைத் துரத்துவதோடு நின்றிருந்தால் தெருச்சாவுதான் வளர்ந்திருக்கும்.

தமிழ்நாடும் இதில் பின்தங்கவில்லை. போர்க்காலத்தில் போட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் பந்தயம் நடத்த, அதைப் பார்க்கச் சென்னையே திரண்டு போன காலம் உண்டு. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தளம் வந்தது. மோட்டார் சைக்கிள் டிராக் ரேஸின் தேசியப் போட்டிகளும் அங்கே நடக்கின்றன. பெங்களூருவின் ஹேமந்த் முத்தப்பா அதில் பலமுறை சாம்பியன். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குன்னூரில் எத்தனை பேர்? கல்லட்டியில் சைலன்சரை அறுத்துவிட்டு இறங்கிய ஏதோ ஒரு பைக்கின் வீடியோவை மட்டும் ஊரே பார்த்திருக்கும்.

குற்றவாளிகளில் முதலிடம் படம் பிடித்து விற்கிறவர்களுக்குத்தான். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே தேசிய நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்த யூடியூபரின் ஓட்டுநர் உரிமத்தைப் பத்தாண்டுகளுக்குப் பறித்தது போக்குவரத்துத் துறை. ஜாமீன் கேட்டுப் போனபோது உயர்நீதிமன்றமும் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் அவருடைய சேனலுக்குக் கூட்டம் குறையவில்லை, சினிமாவில் கதாநாயகன் வேடமும் காத்திருந்தது. பதினாறு வயதுப் பையன் எதிலிருந்து பாடம் கற்பான், தீர்ப்பிலிருந்தா, சினிமா போஸ்டரிலிருந்தா? அமெரிக்காவில் தெருப் பந்தயக்காரர்களை நாயகர்களாக்கி 2013-ல் ஒரு தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. 2022 ஆகஸ்டில் அதன் ஒரு பிரிவுக்காக நெவாடாவில் படம் எடுத்தபோது ஓர் ஓட்டுநர் செத்துப்போனார். அப்போதும் தொடர் நிற்கவில்லை. கேமரா எதைப் புகழ்கிறதோ அதையே ஊர் செய்யும். ஆகவே தொலைக்காட்சிப் பந்தயம் எதுவானாலும் அதை ஒரே ஒரு அளவுகோலால் அளப்போம். ஹெல்மெட்டையும், வண்டிப் பரிசோதனையையும், தளத்தின் ஓரத்தில் நிற்கும் ஆம்புலன்சையும், சிவப்பு விளக்கால் வெளியேற்றப்பட்டவனின் முகத்தையும் அது காட்டுகிறதா? காட்டினால் வரட்டும், வரவேற்போம். இரைச்சலையும் புகையையும் மட்டும் காட்டினால் அது விளையாட்டே அல்ல, விளம்பரம்.

அரசும் இந்தக் குற்றத்தில் பங்காளி. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றிய மூன்றரை கிலோமீட்டர் தெருக்களில் ஃபார்முலா 4 கார்கள் மின்விளக்கொளியில் ஓடின. நேரலையில் பார்த்தோம், அழகாகத்தான் இருந்தது. அதற்குச் செலவான பொதுப் பணம் உயர்நீதிமன்றம் வரை விவாதமானது. தெருவையே பந்தயத்தளமாக்கிக் காட்டிய அரசு, மறுநாள் காலையில் தெரு என்பது பந்தயத்தளம் அல்ல என்று பையன்களுக்குப் போதிக்கிறது. வேலி போட்ட தெருவுக்கும் போடாத தெருவுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குப் புரியும். அந்த இரவுக் காட்சிக்குச் செலவிட்டதில் சிறு துண்டை மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, லைசென்சும் பயிற்சியும் எட்டும் தூரத்தில் வைத்திருந்தால், பையன்களுக்கும் அது புரிந்திருக்கும்.

சரி, ரேஸ் மைதானத்துக்கு வருவோம். அங்கே டிராக் ரேஸ் நடத்தக் கூடாது. அங்கே மட்டுமல்ல, தீட்டுக்கல் ஹெலிபேடிலும் கூடாது, மூடிக்கிடக்கும் இந்து நகர் பிலிம் தொழிற்சாலை வளாகத்திலும் கூடாது, இந்த மலையில் எங்குமே கூடாது.

கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஊட்டி. காற்று இங்கே மெலிந்தது. டர்போ இல்லாத இன்ஜின் சமவெளியில் தரும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை இங்கே இழந்துவிடும். மேலே எடுக்கும் நேரங்களை வைத்துக் கீழே யாரிடமும் பெருமை பேச முடியாது. அமெரிக்காவில் டென்வர் அருகே மலைச்சரிவில் 1958-ல் தொடங்கி 2023 வரை ஒரு டிராக் தளம் ஓடியது, உயரத்துக்கேற்ற கணக்குகளோடுதான் ஓடியது என்று நண்பர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். அந்தச் சரிவில் காட்டெருமைகள் சாலை கடப்பதில்லை. அங்கே ஆண்டுக்கொரு முறை மண் சரிந்து ஊர் துண்டாவதும் இல்லை. நம் மலை 1986 முதல் உயிர்க்கோளக் காப்பகம். வருகிற வண்டிகளைத் தாங்க முடியாமல் 2024 மே 7 முதல் இ-பாஸ் கேட்கிறோம். 2025 கோடையில் வார நாளுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 வண்டிகள் என்று உயர்நீதிமன்றம் வரம்பு வைத்தது. வண்டியை எண்ணி உள்ளே விடுகிற ஊர், வண்டியின் சத்தத்தைக் காசு கொடுத்து வரவழைப்பது கூத்து. அந்த மைதானம் மழைநீரை உறிஞ்சும் பள்ளமாக, ஊர்க்காரர்கள் கால் நீட்டி உட்காரும் புல்வெளியாக இருக்கட்டும். பணக்காரரின் பந்தயத்தை அனுப்பிவிட்டு ஏழையின் பந்தயத்துக்குக் கதவைச் சாத்துகிறீர்களே என்று கேட்பவருக்கு ஒன்று சொல்வோம். குதிரைப் பந்தயம் அங்கே நூறாண்டு நடந்ததே தவறு. இன்னொரு தவறைச் செய்து அதை நேராக்க முடியாது.

கதவு வேறெங்கோ திறந்திருக்கிறது என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம். மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை தாண்டினால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 1995-ல் மறைந்த எஸ். கரிவர்தனின் பெயரைத் தாங்கிய தளம். மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற மலிவான பந்தயக் காரை உருவாக்கி, கோடீஸ்வரர் அல்லாதவனும் பந்தயத்தில் இறங்கலாம் என்று காட்டியவர் அவர். அந்தக் காரில் ஓட்டிப் பழகிய கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1 வரை போனார். மலையடிவாரத்திலேயே இப்படி ஒரு மரபு இருக்க, நம் பையன்கள் அதைத் தொடாமல் கல்லட்டியில் சாவது யாருடைய வெட்கக்கேடு?

கல்லட்டியை அறிந்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 36 கொண்டை ஊசி வளைவு. குறைந்த கியரில் இறங்கச் சொல்லும் பலகைகள் வழியெங்கும். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து ஏழு பேரோடு வந்த கார் பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் யாருக்கும் தெரியாமலே கிடந்தது. ஐந்து பேர் பிணமாக மீட்கப்பட்டார்கள். வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கத் தடை வந்தது. தடையால் காலியான சாலை உள்ளூர்ப் பையன்களுக்குப் பந்தயத்தளமாகத் தோன்றினால், தடையின் பொருளையே தலைகீழாக்கிவிட்டோம் என்று அர்த்தம். அந்தச் சாலையோரம் இலை மூட்டையோடு வண்டிக்குக் காத்திருக்கும் பெண் இந்த ஆட்டத்தில் பெயர் கொடுத்தவள் அல்ல. சொந்த உயிரைப் பணயம் வைக்கிறவனிடம் வாதாடலாம். அடுத்தவள் உயிரை வைக்கிறவனிடம் வாதம் கிடையாது, வழக்குதான்.

வழக்குக்குச் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு பொது இடத்தில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவதைத் தண்டிக்கிறது. 2019 திருத்தம் அபராதத்தை 500 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது. 199ஏ பிரிவின்படி சிறுவன் கையில் வண்டி கொடுத்த பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. பிளஸ் டூ பாஸானதற்குப் பரிசாக வண்டி வாங்கித் தரும் அப்பாக்கள் இந்தப் பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும். தெரியாது என்று பிறகு அழுவதில் பயனில்லை.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது பெரிதல்ல. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பதினெட்டு வயது நிறைந்த, உரிமம் வைத்திருக்கும் பையன்களையும் பெண்களையும் ஒரு பேருந்தில் ஏற்றிச் செட்டிபாளையத்துக்கு அனுப்பட்டும். பந்தய லைசென்சுக்கான கட்டணத்தைக் கட்டட்டும். தோல் உடையும் நல்ல ஹெல்மெட்டும் பொதுவில் வாங்கி, மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளக் கொடுக்கட்டும். அவர்களில் ஒருவன் 402 மீட்டரை எத்தனை நொடியில் கடந்தான் என்ற செய்தி வந்தால், பெயரோடும் படத்தோடும் முதல் பக்கத்தில் போடுவோம். தொலைக்காட்சிக்காரர்கள் இங்கே வரும் சிரமமும் வேண்டாம், சமவெளியிலேயே அவனைப் படம் பிடிக்கட்டும்.

அதுவரை ராத்திரி பத்து மணிக்கு மேல் தலைகுந்தாவில் போலீஸ் நிற்கட்டும். சைலன்சரை அறுத்த வண்டியைப் பிடிக்கும்போது, பின்னால் இன்னொரு வண்டியில் உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்தவனையும் சேர்த்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகட்டும்.